முண்டந்துறை மேட்டில் மாலை நடை

பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாலையில் பயணம் செய்வோருக்கு மேற்கு அடிவானத்தில் நீல வரம்பாகத் தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலை, அருகில் செல்லச் செல்ல ஒரே சுவராக நிற்காமல், பள்ளத்தாக்குகளும் சிகரங்களும் இடையிடையே சமதளங்களும் கலந்த நிலமாக விரிகிறது. அத்தகைய சமதளங்களில் சங்கரன்கோவில் வட்டாரத்து மக்கள் நன்கு அறிந்த ஒன்று, பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் இடையில் கிடக்கும் முண்டந்துறை. சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்தும், தன் மேற்பரப்பில் பெரும்பாலும் சமமாகவும் அமைந்த நிலத்தைப் புவியியலார் பீடபூமி என்பர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலேயே அமைந்திருப்பதால் முண்டந்துறையை ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மேட்டு நிலங்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. இது வெயில் தங்கும் காடு. தேக்கும் பிற இலையுதிர் மரங்களும் நிறைந்த இக்காட்டின் ஆற்றோரங்களில் மட்டும் பசுமை மாறாத மரங்கள் அடர்ந்து நிற்கின்றன.

நண்பர்கள் கூடிக் காட்டின் உட்புறத்தில் தங்கி, வெயில் தணிந்தபின் சிறிது தூரம் நடந்து வருவது இன்று நகரத்து இளைஞர்களிடையே பரவிவரும் விருப்பமாகும். ஆனால் தென் மாவட்ட மக்களுக்கு இது புதிதன்று. முண்டந்துறை மேட்டில், காரையாற்றுப் பகுதியில், தாமிரபரணிக் கரையில் அமைந்த சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைதோறும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செல்லும் பக்தர்கள், காட்டிலேயே குடில் போட்டு, சமைத்து உண்டு, ஆற்றில் நீராடி, நாள் கணக்கில் தங்கிவந்தனர். சிங்கம்பட்டி ஜமீனின் பொறுப்பில் இருந்த இக்கோயிலின் விழாவில், ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020ஆம் ஆண்டு மே மாதம் மறையும் வரையில் அரச உடையில் மக்களுக்குக் காட்சி தந்து வந்தார். மலையேற்றம் என்ற சொல் ஒரு பொழுதுபோக்கின் பெயராக ஆவதற்கு வெகுகாலம் முன்பே, காட்டில் கூடித் தங்குவதும், பொழுது சாயும் முன் ஆற்றங்கரைக்குச் சென்று திரும்புவதும் இம்மக்களின் ஆண்டுக் கடமைகளில் அடங்கியிருந்தன.

இக்கோயில் வளாகத்திலுள்ள பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். முத்துப்பட்டன் என்ற பெயரில் வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும் பாடப்படும் இவர், பிராமணக் குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரியரான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு கவர வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்டவர் என்று கதை கூறுகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இக்கதைப்பாடலை அச்சில் பதிப்பித்துள்ளார். காணிக்கையாக வைத்த செருப்புகள் நாளடைவில் தேய்ந்து காணப்படுவதாகவும், இரவில் பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டைச் சுற்றி வருவதே அதற்குக் காரணம் என்றும் பக்தர்கள் நம்புகின்றனர். இரவில் காட்டில் நடக்கும் உரிமையைத் தெய்வத்துக்கு விட்டுவிட்டு மனிதர் குடிலுக்குள் இருந்த இந்த ஏற்பாடு, காட்டியல் நோக்கிலும் மிகச் சரியானது என்பதைக் கீழ்வரும் செய்திகள் காட்டும்.

முண்டந்துறைக் காடு 1962ஆம் ஆண்டிலேயே புலிகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே உள்ள களக்காடு 1976ஆம் ஆண்டில் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கின் பொருட்டுச் சரணாலயம் ஆயிற்று. இரண்டையும் இணைத்து 1988ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. சோலைமந்தி, கருமந்தி, சாம்பல் மந்தி, நாட்டுக்குரங்கு, தேவாங்கு என ஐந்து வகைக் குரங்கினங்கள் ஒரே காப்பகத்தில் வாழ்வது இதன் சிறப்பு. யானை, சிறுத்தை, செந்நாய், கரடி, மிளா, புள்ளிமான் ஆகியவையும் இங்கு உண்டு. இவற்றுள் பல, நண்பகல் வெப்பத்தில் நிழலில் ஒதுங்கியிருந்து, பொழுது சாயும் வேளையிலும் விடியும் வேளையிலும் மிகுதியாக நடமாடுபவை. இவற்றை அந்தி விலங்குகள் எனலாம். நடப்பவருக்கு இதமான மாலை நேரம், காட்டு விலங்குகள் தண்ணீர் தேடிப் புறப்படும் நேரமாகவும் இருப்பதே மாலை நடையின் ஈர்ப்புக்கும் ஆபத்துக்கும் பொதுவான காரணமாகும்.

இந்த வேளையைப் பற்றி முண்டந்துறைக் குரங்குகளிடமிருந்து அறிய வேண்டியது நிறைய உண்டு. உமா இராமகிருஷ்ணன், ரிச்சர்டு காஸ் ஆகிய ஆய்வாளர்கள், சிறுத்தையின் அச்சுறுத்தலை நாட்டுக்குரங்குகள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதைப் பற்றி நடத்திய தொடர் ஆய்வுகளில், அவை இரவு உறங்கும் மரத்தைக் கைக்குக் கிட்டியபடி தேர்வதில்லை என்றும், சிறுத்தைக்கு எளிதில் எட்டாத உயர்ந்த மரங்களை நாடுகின்றன என்றும் கண்டனர். சிறுத்தையின் உருவப் பொம்மையைக் காட்டி நடத்திய சோதனைகளில், உடலின் புள்ளிகளே குரங்குகளின் அச்சத்தை விரைந்து எழுப்பும் அடையாளம் என்பதும் தெரிந்தது. இதே ஆய்வாளர்கள் நீல் பெல்கியோடு இணைந்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முண்டந்துறையில் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்து, பெரிய குளம்புள்ள இரைவிலங்குகள் குறைந்ததே புலிகள் குறைந்ததற்குக் காரணம் என்று வாதிட்டது. புலிகள் காப்பகத்தில் மேய்ச்சல் மாடும், களைச்செடியும், மனிதக் கூட்டமும் ஏன் கட்டுப்படுத்தப்படுகின்றன என்ற கேள்விக்கு இதில் விடை உள்ளது. புல்வெளியை உண்ணிச்செடி என்ற களை மூடினால் மான் குறையும். மான் குறைந்தால் புலி அங்கே நிலைக்காது.

அந்தி கவிந்தபின் கிளைகளில் நகரத் தொடங்கும் தேவாங்கு இம்மேட்டின் மற்றொரு செல்வம். உள்ளங்கையில் அடங்கும் உடலும் முகத்தை நிறைக்கும் கண்களும் கொண்ட இச்சிறு விலங்கு, பூச்சிகளைத் தேடி இரவு முழுவதும் மெதுவாகக் கிளைவிட்டுக் கிளை செல்கிறது. இதன் பரவலைப் பற்றி 1990களில் இக்காப்பகத்தில் ஆய்வு நடந்துள்ளது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தது. கைவிளக்கின் கூர்மையான ஒளியை இதன் கண்ணில் பாய்ச்சுவது கொடுமை என்பதை நடப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மாலை நடையில் முதலில் கணக்கிட வேண்டியது கதிரவன் மறையும் நேரம். திருநெல்வேலிப் பகுதியில் ஜூலை மாதத்தில் மாலை 6.45 மணி அளவிலும், நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சற்று முன்பாகவும் கதிரவன் மறைகிறது. ஆனால் இந்த நேரங்கள் தடையில்லாத அடிவானத்துக்கு உரியவை. மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உள்ள ஊர்களிலும் காடுகளிலும் மேற்கு அடிவானத்தை மலையே மறைத்து நிற்பதால், பொழுது அதற்கு வெகு முன்பே சாய்ந்துவிடும். ஓரிடத்துக்கு மேற்கே 5 கிலோமீட்டர் தொலைவில் அவ்விடத்தைவிட 1000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு இருப்பதாகக் கொண்டால், அம்முகடு அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11 பாகைக் கோணத்தில் தெரியும்; கதிரவன் ஒரு மணிக்கு 15 பாகை நகர்வதால், முக்கால் மணி நேரம் முன்னதாகவே வெயில் அவ்விடத்தைவிட்டு நீங்கிவிடும். மேலும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குவதால், மறைந்தபின் எஞ்சும் மங்கிய ஒளி ஐரோப்பிய நாடுகளில் போல நெடுநேரம் நீடிப்பதில்லை. இங்கே 20 நிமிடங்களுக்குச் சற்று மேல் சென்றதும் தரையில் கிடக்கும் வேரும் கல்லும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மரங்கள் அடர்ந்த இடத்தில் அந்த அவகாசமும் கிடையாது.

அடுத்தது நடைக்கணக்கு. ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதை மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரமும், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தேவைப்படும். 4 கிலோமீட்டர் சென்று 300 மீட்டர் ஏறவேண்டிய வழிக்கு இக்கணக்கின்படி ஏறத்தாழ 1 மணி 20 நிமிடமும், திரும்பிவர ஏறத்தாழ 50 நிமிடமும் ஆகும். ஜூலை மாதத்தில் 6 மணிக்கு மலைநிழல் விழும் முகாமுக்கு அதற்குள் திரும்ப வேண்டுமானால், பிற்பகல் 3.30 மணிக்குப் புறப்பட்டு, சென்றடைந்த இடத்தில் சில நிமிடங்களே நின்று, 5 மணிக்குத் திரும்பியாக வேண்டும். இதுவும் உடல்திறன் மிக்கவர், குளிர்ந்த நாட்டில், இடையில் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. நம் நாட்டு வெப்பத்தில், பேசிச் சிரித்து, படம் எடுத்து, தண்ணீர் குடித்து நடக்கும் நண்பர் குழுவுக்கு இதில் பாதி நேரத்தையாவது கூட்டிக்கொள்வது நல்லது. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். அவரை முன்னே விட்டு மற்றவர்கள் பின்தொடர்வதே முறை. இலக்கை அடைந்தாலும் அடையாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்பிவிடுவது என்ற உறுதியைப் புறப்படும் முன்பே எல்லோரும் ஏற்க வேண்டும். மேலே சென்றபின் அதைப் பற்றி விவாதித்தால் ஆசையே வெல்லும்.

சிகரத்துக்கு ஏறும் வழிக்கும் பீடபூமியில் நடக்கும் வழிக்கும் இடையில் உள்ள முக்கியமான வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. சரிவில் வழி தவறியவருக்கு மேல் எது, கீழ் எது என்ற தெளிவாவது எஞ்சும். சமதளக் காட்டில் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே இருக்கும். மரங்களுக்கு மேலே மலைமுகடு தெரியாத இடத்தில், வெயில் மறைந்தபின் மேற்கு எது என்று சொல்வதும் கடினம். மாடுகளும் மிளாக்களும் நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள் மனிதர் பாதையைப் போலவே தோன்றி, புதருக்குள் சென்று முடிந்துவிடும். முண்டந்துறையில் இருபுறமும் ஆறு ஓடுவது ஒரு துணைதான். ஆனால் மேலே காரையாறு அணையும் சேர்வலாறு அணையும் இருப்பதால், மாலையில் கடந்துசென்ற ஆழமற்ற துறை, அணையில் தண்ணீர் திறக்கப்பட்டால் திரும்பும்போது கடக்க முடியாததாகிவிடலாம். மழைக்காலத்தில் காட்டாறு இதைவிடக் கொடியது. 2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

இருட்டிவிட்டால் கண்ணைப் பற்றிய அறிவும் உதவும். ஒளி குறைந்த இடத்துக்கு மனிதக் கண் முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. பழகிய கண்ணில் கைப்பேசியின் வெள்ளை ஒளி ஒரு நொடி பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டு, மீண்டும் காத்திருக்க வேண்டியிருக்கும். இதனால் குழுவில் ஒருவர் மட்டும் விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்து முன்னே செல்வதும், மற்றவர்கள் தேவைப்பட்டால் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதும் நலம். காலில் மூடிய காலணி கட்டாயம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வெறுங்காலோடும் வெளிச்சமின்றியும் இருட்டில் நடப்பது இந்த ஆபத்தைக் கூட்டும் என்பதை வயல்வெளியில் வாழ்வோர் அறிவர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு, காட்டை அறிந்த வழிகாட்டி. இம்மலையில் அவ்வறிவுக்கு உரியவர்கள் காணி மக்கள். சின்ன மைலாறு, பெரிய மைலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் இவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. இம்மலைப் பகுதியைச் சேர்ந்த அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987ஆம் ஆண்டில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு, தாங்கள் களைத்துப்போன வழியில் உடன்வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் ஒரு செடியின் கனிகளைத் தின்று சோர்வின்றி நடப்பதைக் கண்டது. ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் வழங்கப்பட்டது. அதன் வருவாயில் ஒரு பங்கைக் காணி மக்களுக்கு அளிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. மரபறிவுக்கு உரியவர்களோடு பயனைப் பகிர்ந்துகொள்வதற்கு உலகம் எடுத்துக்காட்டும் தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று. வழிகாட்டிக்குத் தரும் கூலியைச் சுமைகூலியாக எண்ணாமல் அறிவுக்குத் தரும் மதிப்பாக எண்ணுவதற்கு இந்த வரலாறு போதுமான காரணமாகும்.

முறையான அனுமதி இல்லாத கூட்டுப் பயணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் கண்டது. முந்திய நாள் மலையேறி, கொழுக்குமலைப் பகுதியில் இரவு தங்கி, மறுநாள் இறங்கிவந்த குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நெருப்பைச் சரிவில் மேல்நோக்கி வேகமாகக் கொண்டுசெல்லும் என்பதும், கோடையில் அந்தப் புல்வெளிக்குள் செல்லவே கூடாது என்பதும் மலைவாழ் மக்களுக்குத் தெரிந்தவை. அதன்பின் அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்து, வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், 40 வழிகளோடு தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்தில் காரையாறு–மூலக்கசம், இஞ்சிக்குழி ஆகிய வழிகளும், தென்காசி மாவட்டத்தில் குற்றாலம்–செண்பகாதேவி அருவி வழியும் அவற்றுள் அடங்கும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன்வரும் இவை, பகலில் சென்று பகலிலேயே திரும்பும் நடைகள்.

சட்டமும் அனுமதியையும் கட்டுப்பாட்டையும் வலியுறுத்துகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27ஆம் பிரிவில் சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. 28ஆம் பிரிவு நுழைவு அனுமதி பற்றியது. 30ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் தீ மூட்டுவதையும் மூட்டிய தீயை அணைக்காமல் விடுவதையும் தடை செய்கிறது. ஆகவே விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்து, விறகு மூட்டிச் சுற்றி அமர்வது என்ற வெளிநாட்டுப் படக்காட்சி, இந்தியப் புலிகள் காப்பகங்களில் குற்றமாக முடியும். முகாமிட்டு மலையேற விரும்புவோருக்கு இம்மலையிலேயே முறையான வழி ஒன்று உண்டு. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரத்துக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி முதல் போனக்காட்டிலிருந்து அனுமதிக்கும் நடையில், முதல் நாள் அதிருமலை முகாமை அடைந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் சிகரம் ஏறித் திரும்புகின்றனர்.

சொரிமுத்து அய்யனார் விழாவிலும் அண்மை ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் கூடியுள்ளன. தனியார் வாகனங்கள் அடிவாரத்திலேயே நிறுத்தப்பட்டு, பக்தர்கள் அரசுப் பேருந்துகளில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். தங்கும் நாள்கள் குறைக்கப்பட்டுள்ளன. நெகிழிப் பொருள்களுக்குத் தடை உள்ளது. தலைமுறைகளாகத் தங்கிவந்தவர்களுக்கு இதனால் ஏற்படும் மனத்தாங்கல் இயல்பானது, மதிக்கத்தக்கது. எனினும் மாட்டுவண்டியில் சில நூறு குடும்பங்கள் வந்த காலத்துக் குடிலும், லட்சக்கணக்கானோர் கூடும் இன்றைய கூடாரக் கூட்டமும் காட்டுக்கு ஒரே அளவு சுமையல்ல. இதில் வனத்துறை கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு சரியானதே. அதே நேரத்தில், தடைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மக்கள் இக்காட்டை அறியாமலே போய்விடுவர். காணி வழிகாட்டிகளோடு சிறு குழுக்கள் பிற்பகலில் புறப்பட்டு, மலைநிழல் விழும் முன் திரும்பும் குறுநடை ஒன்றை முண்டந்துறை மேட்டிலும் வனத்துறை ஏற்படுத்தித் தர வேண்டும்.

பனவடலிசத்திரம் போன்ற ஊர்களிலிருந்து ஒரு பகலுக்குள் சென்று திரும்பும் தொலைவில்தான் இம்மலை இருக்கிறது. நண்பர்களோடு செல்ல விரும்புவோர் அரசின் மலையேற்றத் திட்ட இணையதளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செல்ல வேண்டும். காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அத்திட்டத்தின் வழிகள் மூடப்பட்டிருந்தன என்பதையும் கருத்தில் கொண்டு, மழைக்குப் பிந்திய மாதங்களில் தங்கள் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.